எலுமிச்சை இலை வெளுக்கிறதா? மாங்கனீசு பற்றாக்குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

எங்கள் எலுமிச்சைத் தோட்டம் சுக்கான்கல் (சுண்ணாம்புக் கல்) பூமியில் இருக்கிறது. மூன்றாம் வருடம் துளிர் இலைகள் வெளுக்க ஆரம்பித்தன. உரக்கடையில் இலையைக் காட்டினேன். இரும்புச் சத்துக் குறை என்றார்கள். இரும்பு கீலேட் (மண்ணில் பூட்டப்படாதபடி ஒரு கரிமப் பொருள் பிடித்து வைத்திருக்கும் இரும்பு) வாங்கி இரண்டு தடவை வேரில் ஊற்றினேன். அடுத்த துளிர் முன்பைவிட மோசமாக வந்தது. மண்ணையும் இலையையும் பரிசோதனைக்குக் கொடுத்த பிறகுதான் குறை இரும்பில் இல்லை, மாங்கனீசில் என்று தெரிந்தது. இரும்பை மட்டும் அதிகமாகக் கொடுத்தால் மாங்கனீசை வேர் எடுப்பது இன்னும் குறையும். நான் செய்தது அதைத்தான். ஒரு வருட மகசூல் போனது. புதிதாகத் தோட்டம் போட்டிருப்பவர்கள் இந்தச் சுற்றில் மாட்டக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எலுமிச்சையை வைத்துச் சொல்கிறேன். சாத்துக்குடிக்கும் ஆரஞ்சுக்கும் இதே முறை பொருந்தும். மற்றப் பயிர்களுக்கு மண் பகுதி மாறாது, இலை அறிகுறியும் தெளிப்பு அளவும் மாறும்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதியட்டும். உங்கள் மண்ணில் மாங்கனீசு அநேகமாக நிறையவே இருக்கும். மண்ணில் உள்ள மொத்த மாங்கனீசு பொதுவாகப் பல நூறு பிபிஎம் (கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்). அதில் வேர் எடுக்கக்கூடிய நிலையில் இருப்பது சில பிபிஎம் மட்டும். மண்ணின் பிஎச் (மண் அமிலமா காரமா என்று காட்டும் எண்) ஒன்று ஏறினால், நீரில் கரைந்து கிடைக்கும் மாங்கனீசு நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. பிஎச் 8-ஐத் தாண்டிய சுண்ணாம்பு மண்ணில் அது கரையாத ஆக்சைடாகப் பூட்டிக் கிடக்கும். அதனால் மண்ணில் மேலும் மேலும் கொட்டுவது பணத்தைப் புதைப்பது போலத்தான். இலை வழியாகக் கொடுப்பதுதான் வழி.

செடிக்கு இது எதற்கு என்றால், ஒளிச்சேர்க்கையின் முதல் வேலைக்கு. இலை சூரிய ஒளியைக் கொண்டு தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியே விடுகிறதே, அந்த வேலை நடக்கும் இடத்தில் நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் உட்கார்ந்திருக்கின்றன. மாங்கனீசு குறைந்தால் அந்த வேலை தடைபடும். இலை பார்க்க ஓரளவு பச்சையாக இருக்கும்போதே உள்ளே உணவு தயாரிப்பு குறைந்துவிடும்.

1. இலையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள்

மரத்தின் நாலு பக்கத்திலும் துளிர் இலை, நடுவயது இலை, முற்றிய இலை என்று மூன்று வயதிலும் பறியுங்கள். காலை வெயிலில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள்.

மாங்கனீசு குறை: துளிர் இலையில் தொடங்கும். இலை வழக்கமான அளவில்தான் இருக்கும். நடு நரம்பையும் பெரிய கிளை நரம்புகளையும் ஒட்டிக் கரும்பச்சை பட்டையாகத் தெரியும், நடுவில் வெளிர்பச்சை. பட்டையின் ஓரம் கோடு போட்ட மாதிரி இருக்காது. ஈரத் துணியில் மை ஊறிய மாதிரி மெல்ல மங்கி வெளிர் நிறத்தில் கலந்துவிடும். மரத்தின் நிழல் பக்கத்தில் இது இன்னும் நன்றாகத் தெரியும்.

இரும்பு குறை: இளம் துளிரில் வரும். பெரிய நரம்பு, சின்ன நரம்பு எல்லாமே மெல்லிய பச்சைக் கோடுகளாக வலை பின்னிய மாதிரி இருக்கும், மீதி முழுவதும் மஞ்சள். முற்றினால் இலை கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும்.

துத்தநாகக் குறை: இலை சின்னதாக, ஒடுங்கி, கூராக இருக்கும். கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து இலைகள் கொத்தாக நிற்கும். மஞ்சள் பளிச்சென்று தெரியும்.

மெக்னீசியக் குறை: முற்றிய இலையில்தான் வரும். காம்புப் பக்கம் மட்டும் ஆப்பு வடிவில் பச்சை நிற்கும், சுற்றிலும் மஞ்சள். இதையும் மாங்கனீசுக் குறையையும் குழப்பிக்கொள்ள வேண்டியதே இல்லை. எந்த வயது இலை என்று பார்த்தாலே போதும்.

தோட்டத்தில் இவை தனித்தனியாக வருவது குறைவு. என் தோட்டத்தில் மாங்கனீசும் துத்தநாகமும் சேர்ந்தே குறைந்திருந்தன. அதனால் கண்ணால் பார்த்தது சந்தேகம்தான், முடிவு இல்லை.

இன்னொன்று மிக முக்கியம். நடு நரம்பின் இரண்டு பக்கமும் மஞ்சள் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே இடத்தில் இடப் பக்கம் ஒரு வட்டம், வலப் பக்கம் ஒரு வட்டம் பேனாவால் போடுங்கள். இரண்டு வட்டத்துக்குள்ளும் நிறம் ஒன்றாக இருந்தால் சத்துக்குறையாக இருக்கலாம். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள் என்று திட்டுத்திட்டாக இருந்தால் கிரீனிங் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அது சில்லா பூச்சி மூலம் பரவும் பாக்டீரியா நோய். எந்த நுண்ணூட்டம் (மாங்கனீசு, துத்தநாகம் மாதிரி சிறிதளவே தேவைப்படும் சத்து) அடித்தும் அது குணமாகாது. அந்த மரத்தில் அடையாளம் கட்டிவிட்டு, தோட்டக்கலை அலுவலரையோ வேளாண் அறிவியல் நிலையத்து ஆட்களையோ அழைத்துக் காட்டுங்கள்.

2. மண் சுண்ணாம்பு மண்ணா என்று வீட்டிலேயே பாருங்கள்

காய்ந்த மண்ணை ஒரு கைப்பிடி எடுத்துப் பொடித்து, பழுத்த எலுமிச்சையை நன்றாகப் பிழிந்து விடுங்கள். காதருகே கொண்டு போனால் சுண்ணாம்பு மிகுந்த மண் சலசலவென்று பொரிவது கேட்கும், நுரையும் தெரியும். வெள்ளைச் சுக்கான் கல்லைப் பொடித்து அதன் மேல் பிழிந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். பொரிந்தால் மாங்கனீசு, இரும்பு, துத்தநாகம் மூன்றுமே பூட்டப்படக்கூடிய மண் என்று வைத்துக்கொள்ளலாம்.

பொரியவில்லை என்றால் அவசரப்பட்டு மாங்கனீசு வாங்காதீர்கள். தமிழ்நாட்டு மண்ணில் அடிக்கடி குறைவது துத்தநாகமும் இரும்பும்தான். நீலகிரி மாதிரி அமில மண்ணில் நிலைமை நேர் எதிர். அங்கே மாங்கனீசு தேவைக்கு மேல் கரைந்து வரும். தேயிலை அதைத் தாங்கும், எல்லாப் பயிரும் தாங்காது.

3. மண் மாதிரி எடுப்பது

நான் அதிகம் தடுமாறியது இங்கேதான். முதல் மாதிரியை இரும்பு மண்வெட்டியால் வெட்டி, துத்தநாகப் பூச்சு போட்ட பக்கெட்டில் போட்டுக் கொண்டுபோனேன். ஆய்வகத்தில் இருந்தவர், "சார், பேரூட்டம் மட்டும்னா பரவாயில்ல. நுண்ணூட்டம் பாக்கணும்னா இது ஆகாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு நாள் வீண். அவர் சொன்னதுதான் சரி.

மண்வெட்டியால் குழி எடுக்கலாம். ஆனால் மாதிரி எடுக்கும்போது, இரும்பு பட்ட பக்கத்தை மூங்கில் குச்சியால் சுரண்டித் தள்ளிவிட்டு, உள்பக்க மண்ணை அதே குச்சியாலோ பிவிசி குழாய்த் துண்டாலோ எடுங்கள். பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்டிக் விரிப்பு போதும்.

மரப் பயிருக்கு, அடிமரத்தை ஒட்டி எடுக்கக்கூடாது. மதிய நேரத்தில் கிளையின் நிழல் முடியும் வட்டத்துக்குச் சற்று உள்ளே எடுங்கள். மேல் 30 செ.மீ. ஒரு மாதிரி, 30 முதல் 60 செ.மீ. வரை இன்னொரு மாதிரி. எங்கள் தோட்டத்தில் மேல் மண்ணுக்கும் அடி மண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது, சுக்கான் கல் அடியில்தான் கிடந்தது. வயல் பயிர் என்றால் மேல் 15 செ.மீ. போதும்.

வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 மரங்களின் அடியில் எடுங்கள். வரப்பு ஓரம், எருக் குவித்த இடம், வாய்க்கால் ஓரம் வேண்டாம். நன்றாக இருக்கும் மரங்களின் மண்ணை மஞ்சள் மரங்களின் மண்ணோடு கலக்காமல் தனி மாதிரியாக எடுங்கள். எனக்குப் பிரச்சினையைக் காட்டிக் கொடுத்தது இந்த ஒப்பீடுதான்.

எல்லாவற்றையும் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளுங்கள். அரைக் கிலோ வரும்வரை இப்படியே குறையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் சூடேறக் காயவைத்தாலோ, ஈரத்தோடு பையில் கட்டிப் பல நாள் வைத்தாலோ மாங்கனீசு அளவு மாறிவிடும். மற்றச் சத்துகளைவிட இது இதில் நுணுக்கமானது. நன்றாகத் தண்ணீர் நின்ற மண்ணிலும் அளவு கூடிக் காட்டும். அதனால் பாசனம் முடிந்து மண் பக்குவமாக இருக்கும்போது எடுங்கள். உரம் போட்ட உடனே எடுக்காதீர்கள்.

4. எங்கே கொடுப்பது, என்ன கொண்டு போவது

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம், வேளாண் அறிவியல் நிலையம், வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம், தனியார் ஆய்வகம் என்று வழிகள் இருக்கின்றன. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பார்க்கும் 12 அளவுகளில் மாங்கனீசும் ஒன்று. உங்கள் நிலத்துக்கு ஏற்கெனவே அட்டை போட்டிருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். ஆனால் அதற்கான மாதிரி உங்கள் நிலத்தில்தான் எடுக்கப்பட்டதா, பக்கத்து நிலங்களுக்கும் சேர்த்து எடுத்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஆதார் நகல், கைபேசி எண், சிட்டா நகல் அல்லது சர்வே எண். மாதிரிப் பையின் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு சீட்டு வையுங்கள். பெயர், ஊர், சர்வே எண், எடுத்த தேதி, ஆழம், பயிர், மரத்தின் வயது, பாசன நீர் எது, கடைசியாகப் போட்ட உரம் எது, இவ்வளவும் எழுத வேண்டும். உள்ளே வைக்கும் சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள், மை ஈரத்தில் அழிந்துவிடும்.

கேட்கும்போது "மண் டெஸ்ட்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நுண்ணூட்டம் நாலும் (இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம்) வேண்டும், சுண்ணாம்பு அளவும் வேண்டும்" என்று சொல்லி ரசீதில் எழுதி வாங்குங்கள். பல இடங்களில் கேட்காவிட்டால் தழை, மணி, சாம்பல், பிஎச் இவற்றோடு முடித்துவிடுவார்கள். அரசு நிலையத்தில் கட்டணம் குறைவு. தனியாரிடம் நுண்ணூட்டத்தோடு சேர்த்து நூற்றுக்கணக்கில் வரும். புறப்படுவதற்கு முன் போன் போட்டுக் கட்டணத்தையும், நுண்ணூட்டம் பார்க்கும் கருவி வேலை செய்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அறிக்கை வர 18 நாள் ஆனது. விதைப்புப் பருவத்தில் கூட்டம் அதிகம், இன்னும் தள்ளிப் போகும். துளிர் வருவதற்கு ஒன்றரை மாதம் முன்பே கொடுத்துவிட்டால் சரியாக இருக்கும்.

5. இலை மாதிரியும் கொடுங்கள்

செலவு கூடும் என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மரப் பயிருக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். சுண்ணாம்பு மண்ணில் மண் அறிக்கை போதுமானது என்று காட்டினாலும் மரம் எடுக்க முடியாமல் நிற்கும்.

4 முதல் 6 மாத வயதுள்ள இலை, காய் பிடிக்காத கிளையிலிருந்து, தோள் உயரத்தில், நாலு திசையிலும் பறியுங்கள். 20 முதல் 25 மரங்களில் சேர்த்துச் சுமார் 100 இலை. காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்து அழுகிவிடும். அன்றோ மறுநாளோ கொடுத்துவிடுங்கள்.

இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. மேன்கோசெப் பூஞ்சாணக்கொல்லியின் மூலப் பொருளில் ஐந்தில் ஒரு பங்கு மாங்கனீசுதான். அதை அடித்த இலையைக் கொடுத்தால் மாங்கனீசு ஏகமாக இருப்பதாக அறிக்கை வரும். கழுவினாலும் முழுதாகப் போகாது. மேன்கோசெப்போ நுண்ணூட்டமோ படாத இலையாகப் பார்த்து எடுங்கள். அப்படி இலை இல்லை என்றால் அடுத்த துளிர் முற்றும்வரை காத்திருங்கள்.

6. அறிக்கையைப் படிப்பது

மண்ணில் டிடிபிஏ (வேர் எடுக்கக்கூடிய சத்தைப் பிரித்தெடுக்கும் கரைசல்) முறையில் பார்த்த மாங்கனீசு தமிழ்நாட்டில் 2 பிபிஎம்-க்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிபிஎம் என்றாலும் கிலோவுக்கு மில்லிகிராம் என்றாலும் ஒன்றுதான்.

எலுமிச்சை வகை இலையில் 25 முதல் 100 பிபிஎம் நல்ல அளவு. 18-க்குக் கீழே போனால் தெளிவான பற்றாக்குறை. இடையில் இருந்தால் குறையத் தொடங்கியிருக்கிறது என்று பொருள்.

மாங்கனீசு எண்ணை மட்டும் பார்த்து மூடி வைக்காதீர்கள். துத்தநாகம், இரும்பு, பிஎச், சுண்ணாம்பு சதவீதம் நாலையும் சேர்த்துப் பாருங்கள். மாங்கனீசும் துத்தநாகமும் இரண்டுமே குறைவு என்றால் இரண்டையும் கொடுத்தால்தான் மரம் தேறும்.

7. கடையில் சரியான பொருளை வாங்குவது

வாங்க வேண்டியது மாங்கனீசு சல்பேட். மெக்னீசியம் சல்பேட் இல்லை. இந்த இரண்டு பெயரும் கடையில் தினமும் மாறுகின்றன. நான் சீட்டில் எழுதிக் கொடுத்தும் ஒரு கடையில் மெக்னீசியம்தான் எடுத்து வைத்தார்கள். பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள்: மாங்கனீசு சல்பேட் வெளிறிய ரோஜா நிறம், மெக்னீசியம் சல்பேட் வெள்ளை. பையில் மாங்கனீசு 30.5 சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். அறிக்கையில் ஆங்கில எழுத்துகளில் குறியீடு போட்டிருந்தாலும் இதே குழப்பம் வரும்: மாங்கனீசுக்கு "எம்என்", மெக்னீசியத்துக்கு "எம்ஜி". போதாததற்கு, "எம்என் மிக்சர்" என்று சொல்லும் நுண்ணூட்டக் கலவை வேறு. அது எல்லா நுண்சத்தும் கொஞ்சம் கொஞ்சம் கலந்தது.

கீலேட் வடிவ மாங்கனீசை இலையில் அடிக்கலாம், விலை கூடுதல். சுண்ணாம்பு மண்ணில் அதை வேரில் ஊற்றாதீர்கள். கீலேட்டின் பிடியிலிருந்து மாங்கனீசு கழன்று, அந்த இடத்தில் மண்ணிலுள்ள இரும்போ கால்சியமோ ஏறிக்கொள்ளும்.

செலவுக் கணக்கு இது. 6 மீட்டருக்கு 6 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 110 மரம். நடுத்தர மரத்துக்கு 5 லிட்டர் கரைசல் என்றால் 550 லிட்டர். லிட்டருக்கு 5 கிராம் போட்டாலும் ஒரு சுற்றுக்கு 2.75 கிலோதான். நான் கிலோ 140 ரூபாய்க்கு வாங்கினேன், கடைக்குக் கடை விலை மாறும். தெளிக்கும் ஆள் கூலிதான் பொருளைவிட அதிகம். பில் கேட்டு வாங்கி, பையின் தொகுதி எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.

8. கலக்குவதும் தெளிப்பதும்

பற்றாக்குறைக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 0.5 சதவீதம், அதாவது லிட்டருக்கு 5 கிராம். அதில் பாதி அளவு நீற்றிய சுண்ணாம்பு சேர்த்தால் இலை கருகாது. 10 லிட்டர் டேங்குக்கு மாங்கனீசு சல்பேட் 50 கிராம், சுண்ணாம்பு 25 கிராம். நான் முதல் தடவை லிட்டருக்கு 3 கிராமில்தான் தொடங்கினேன். இளம் துளிருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சல்பேட்டைத் தனி வாளியில் முழுவதும் கரையுங்கள். சுண்ணாம்பை வேறு வாளியில் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் நாசில் அடைக்கும். டேங்கில் முக்கால் தண்ணீர் ஊற்றி, முதலில் சல்பேட், பிறகு சுண்ணாம்பு நீர், கடைசியில் ஒட்டும் திரவம். கலந்ததை நிறுத்தி வைக்காதீர்கள். காற்று படப்பட பழுப்பாகும். அது மாங்கனீசு கரையாத வடிவத்துக்கு மாறுவதன் அடையாளம். ஒரு டேங்க் கலந்து, அடித்து முடித்து, அடுத்ததைக் கலக்குங்கள்.

சேர்த்து அடிக்கக் கூடாதவை: பாஸ்பேட் உள்ள கரையும் உரங்கள், கிளைபோசேட் களைக்கொல்லி. பாஸ்பேட்டோடு சேர்ந்தால் அடியில் படியும். கிளைபோசேட்டோடு சேர்ந்தால் இரண்டுமே பலம் இழக்கும். துத்தநாக சல்பேட்டைச் சேர்த்து அடிக்கலாம். அப்போது சுண்ணாம்பின் அளவை அதற்கும் கணக்குப் போட்டுக் கூட்டுங்கள்.

நேரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். துளிர் இலை முழு அளவில் முக்கால் பங்கு விரிந்திருக்கும்போது அடியுங்கள். அதற்கு முன் அடித்தால் பிஞ்சு இலை கருகும். முற்றிய பிறகு அடித்தால் மெழுகுப் படலத்தைத் தாண்டி உள்ளே போவது குறைவு. காலை 9 மணிக்கு முன், அல்லது மாலை 4 மணிக்குப் பின். அன்று மழை வரும் என்றால் தள்ளிப் போடுங்கள். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். 15 நாள் கழித்து இன்னொரு தடவை.

தோட்டம் முழுவதும் அடிப்பதற்கு முன் மூன்று மரத்தில் மட்டும் அடித்து, ஒரு வாரம் பாருங்கள். ஓரம் கருகினால் அளவைக் குறையுங்கள்.

9. மண்ணைத் திருத்தலாமா?

கந்தகம் போட்டால் பிஎச் குறையும் என்று சொல்வார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரு ஏக்கரின் மேல் 15 செ.மீ. மண் சுமார் 9 லட்சம் கிலோ. அதில் சுண்ணாம்பு 1 சதவீதம் இருந்தாலே 9,000 கிலோ. அவ்வளவையும் கரைக்கச் சுமார் 2,900 கிலோ கந்தகம் வேண்டும். எங்கள் மண்ணில் சுண்ணாம்பு அதைவிடப் பல மடங்கு. அது ஆகிற காரியம் இல்லை.

கையில் இருப்பது இது: ஒவ்வொரு மரத்தின் பாதி வட்டத்திலும் மக்கிய தொழு உரத்தோடு கொஞ்சம் கந்தகம் கலந்து பட்டையாகக் குழியில் வைப்பது. வேர் ஓடும் அந்தச் சிறு இடத்தில் மட்டும் மண் மாறினால் போதும். யூரியாவின் ஒரு பங்குக்குப் பதில் அம்மோனியம் சல்பேட் போட்டால் வேரை ஒட்டிய மண் கொஞ்சம் அமிலமாகும். சணப்பு அல்லது தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் நேரத்தில் மடக்கி விடுங்கள். இவற்றின் பலன் தெரிய ஒன்றிரண்டு வருடம் பிடிக்கும். அதுவரை இலைவழித் தெளிப்பை நிறுத்தாதீர்கள்.

10. பலனைப் பார்ப்பதும் அடுத்த துளிரும்

தெளித்த இலைகள் இரண்டு மூன்று வாரத்தில் நிறம் திரும்ப ஆரம்பிக்கும். நன்றாக முற்றி மஞ்சளான இலை முழுதாகத் தேறாது, அதை வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். எந்த இலை எப்படி மாறியது என்று பார்க்க, ஐந்து கிளையில் சிவப்புக் கயிறு கட்டி வாரம் ஒரு முறை படம் எடுத்தேன். கண் மறந்துவிடும், படம் மறக்காது.

ஒரு தடவை அடித்தது அடுத்த துளிருக்கு வராது. மாங்கனீசு பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகர்வது மிகக் குறைவு. அதனால் ஒவ்வொரு துளிருக்கும் தனியாக அடிக்க வேண்டும். குறை தீர்ந்த பிறகு, எலுமிச்சைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை துளிர் வந்ததும் அடிக்கும் நுண்ணூட்டக் கலவையில் மாங்கனீசு சல்பேட் 100 லிட்டருக்கு 50 கிராம் இருந்தால் போதும். பற்றாக்குறைக்கு அடித்த அளவில் இது பத்தில் ஒரு பங்குதான்.

அடுத்த வருடம் அதே மாதத்தில், அதே மரங்களில், அதே வயது இலையை மறுபடியும் கொடுங்கள். பழைய அறிக்கையையும் கூடவே எடுத்துப் போங்கள். இலையில் 100-ஐத் தாண்டினால் மாங்கனீசை விட்டுவிட்டு மற்றச் சத்துகளை மட்டும் தொடருங்கள்.